நண்டுக்கழி லாக்கில் நின்ற தோணி

ஆடிப்பெருக்கு முடிந்த மறு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், நண்டுக்கழி லாக்குக்குள் உப்பு மூட்டை ஏற்றிய தோணி ஒன்று வந்து நின்றது. அதை முதலில் பார்த்தது கஸ்தூரியின் வெள்ளாடு. லாக்குக்குள் மண்டிக் கிடந்த வேலிக்காத்தான் காய்க்கு ஆசைப்பட்டு, கல் சரிந்த மூலை வழியாக நாற்பது வருஷமாக ஆடுகள் இறங்குகிற மாதிரியே அதுவும் இறங்கப்போய், நெஞ்சு வரை நனைந்து, கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தது. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் நனைந்த ஆட்டைப் பார்த்ததும் கஸ்தூரி எழுந்துவிட்டாள். எந்த வீட்டுத் தொட்டியில் விழுந்து தொலைத்ததோ, இன்னும் சற்று நேரத்தில் யார் சண்டைக்கு வரப்போகிறார்களோ என்று புலம்பியபடி ஆட்டின் கால் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனாள்.

போனவள் கண்ணாடி மாதிரித் தண்ணீரையும், தண்ணீரில் தோணியையும், தோணியில் கழியை ஊன்றி நிற்கிற இருபத்தேழு வயசு ஆம்பிளையையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தனபாக்கியத்திடம் வந்து, "அக்கா, உன் புருஷன் வந்திருக்காரு" என்றாள். கல்யாணப் போட்டோவில் தினமும் பார்க்கிற முகம்தானே.

லாக்கு என்றால் என்னவென்று இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் கடலோரமாக வெட்டிய கால்வாயில், தெற்கே தண்ணீர் தாழ்ந்தும் வடக்கே உயர்ந்தும் நிற்கிற இடத்தில், கருங்கல்லால் கட்டிய நீளத் தொட்டி அது; இரண்டு முனையிலும் கதவு. தெற்கிலிருந்து உப்போ சவுக்குக் கட்டையோ ஏற்றி வருகிற தோணி உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். இரும்புச் சாவியைப் போட்டுச் சுற்றி முன்கதவின் மதகைத் திறந்தால் மேட்டுத் தண்ணீர் கொட்டித் தோணியைத் தூக்கும். தூக்கி முடித்ததும் முன்கதவைத் திறந்து, சாவியால் கதவுக் கட்டையில் மூன்று தட்டுத் தட்டினால், வழி விட்டாச்சு போ என்று அர்த்தம். ஒரு கதவை மூடாமல் மறு கதவைத் திறக்கக் கூடாது என்பது சர்க்கார் சட்டம், தகரப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். உள்ளே தோணி நிற்கும்போது லாக்குக்காரன் வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். எழுதின சட்டத்தை மீறினவர்கள் உண்டு. எழுதாததை மீறினதாகக் கேள்விப்பட்டதில்லை.

பிறகு லாரி வந்தது, தோணி நின்றது, கால்வாய் சேறாகி, சேறு மேடாகி, மேட்டில் குடிசை போட்டு, குடிசை மாடியாகி, லாக்குக்கு வடக்கே கால்வாய் இருந்த இடமெல்லாம் கால்வாய்த் தெரு என்று பெயர் வாங்கிக்கொண்டது. லாக்கு மட்டும் இடிக்க ஆளில்லாமல் நின்றது.

லாக்குக்காரர் பொன்னுரங்கத்தின் ஒரே பெண் தனபாக்கியம். உப்புத் தோணிக்காரன் ஏகாம்பரம் அவளைப் பார்த்ததும் பேசியதும் கட்டினதும் எல்லாம் அந்த லாக்கில்தான். தண்ணீர் ஏறப் பதினோரு நிமிஷம் ஆகும். அந்தப் பதினோரு நிமிஷத்தில் அவன் தோணியோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவான். தொப்பி தெரியும், முகம் தெரியும், தோள் தெரியும், கடைசியில் அவளுக்குச் சரிசமமாக வந்து நிற்பான். உடனே அப்பா கதவைத் திறக்க, அவள் தட்ட வேண்டியதாகிவிடும். இரண்டு வருஷம் இப்படிப் பதினோரு பதினோரு நிமிஷமாகச் சேர்த்து வைத்துத்தான் வைகாசியில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஆடியில் மாப்பிள்ளை மாமனார் வீட்டு மண்ணை மிதிக்கக் கூடாது. மண்ணைத்தானே மிதிக்கக் கூடாது, தண்ணீரில் வரலாமே என்று அவன் லோடு ஏற்றிக்கொண்டு வந்தான். பொன்னுரங்கத்துக்கு அன்று காய்ச்சல். சாவியை எடுத்துக்கொண்டு பாக்கியம்தான் வந்தாள். பின்கதவைச் சாத்திவிட்டு, "கரைக்கு வா, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ" என்றாள். அவன் சிரித்தான். "மெட்ராசுல ஆள் காத்துக்கினு இருக்காங்க. தண்ணி ஏற்ற நேரம்தான் உனக்கு" என்றான். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் பதினெட்டு நாளாக அவன் முகத்தைப் பாராமல் இருந்தவளுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. தண்ணீர் ஏறினால்தானே போவே, ஏறாமல் கிட என்று மதகைத் திறக்காமல், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போனவள் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, சாப்பிட்டாள். கோபம் ஆறாமல் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது இரண்டு கதவும் சாத்தியபடியே இருந்தன. தண்ணீர் இருந்தது. தோணியும் இல்லை, அவனும் இல்லை.

நாலு நாள் வலை போட்டுத் தேடினார்கள். கோவிச்சுக்கிட்டு ஓடிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. சாத்திய கதவுகளுக்கு நடுவே உப்பு மூட்டையோடு தோணி எப்படி ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தேட வேண்டுமே. பொன்னுரங்கம் மட்டும் அன்று வீட்டில் எச்சில் தட்டைப் பார்த்திருந்தார். அவர் அதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருஷத்தில் செத்துப்போனார். பாக்கியம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, மறு கல்யாணம் பேச வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். பகல் சோறு மட்டும் அன்றோடு நின்றது. ஏதோ வேண்டுதல் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நாற்பத்தோரு வருஷம்.

இப்போது அவளுக்கு அறுபத்தோரு வயசு. கஸ்தூரி சொன்னதும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, தலையைக்கூட முடியாமல் போய் லாக்குக் கரையில் நின்றாள். கரையான் தின்றது போக மிஞ்சிய நாலு பலகையும் இரும்புச் சட்டமும்தான் கதவு. இடுக்கில் கை விட்டால் அந்தப் பக்கம் வரும். அந்தக் கதவுகளுக்கு நடுவே தண்ணீர் ஒரு சொட்டுக் கசியாமல் நின்றது. தோணியில் அவன் நின்றான். அவன் நெற்றியில் அன்றைக்குப் பூசிய விபூதி இன்னும் கலையவில்லை.

"ஆயா" என்று அவன் கூப்பிட்டான். "லாக்குக்காரர் வூட்ல யாரும் இல்லியா?"

"இருக்காங்க" என்றாள் பாக்கியம்.

"பாக்கியத்த வரச் சொல்லேன். சாவிய எடுத்துக்கினு போயிடுச்சி. மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு போச்சி."

"சாப்புடறா" என்றாள்.

அவன் கழியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தோணி உள்ள நிக்கச்சொல்ல லாக்குக்காரர் பொண்ணு சாப்புடுதா? எம்மேல அவ்ளோ கோவமா?" பிறகு தானே சமாதானமாகி, "சாப்புடட்டும். வயிறு ரொம்பினா கோவம் கொறையும். நான் நிக்கறேன்" என்றான்.

முதல் நாள் ஊரே லாக்குக் கரையில் நின்றது. இரண்டாம் நாள் பாதி ஊர் நின்றது. மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டார், யாவாரத்தைப் பார்க்க வேண்டாமா. கிராம நிர்வாக அதிகாரி வந்து, நிற்பது புறம்போக்கா நீர்வழியா, ஆளுக்கு ரேஷன் கார்டு உண்டா என்று விசாரித்து, எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லாததால் எழுதாமலே போனார். பஞ்சாயத்துத் தலைவர் தணிகாசலத்தின் மச்சான் ஒருத்தன், நீச்சலில் கெட்டிக்காரன், குதித்துத் தோணியை நோக்கி நீந்தினான். எவ்வளவு நீந்தினாலும் புறப்பட்ட கரைக்கே வந்து சேர்ந்தான். தோணிக்காரன் கரையேற இரும்புப் படியில் ஒரு கால் வைத்தால், தண்ணீர் ஒரு படி தாழ்ந்து அவனை அங்கேயே நிறுத்தியது. "ஆடி இல்ல? மாமனார் வூட்டு மண்ண மிதிக்க வுட மாட்டேங்குது" என்று அவனே கேலி பேசிக்கொண்டான். கரையில் சாயங்காலம் ஐந்து மணியாகும், ஆள்களின் நிழல் பனைமர உயரத்துக்கு விழும். அவன் நிழல் மட்டும் உச்சி வேளை மாதிரி அவன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.

அவனோடு ஒன்றாகத் தோணி தள்ளிய குப்புசாமி, பல் போன வாயோடு வந்து, "டேய் ஏகாம்பரம், நாண்டா" என்று அழுதார். "உங்க புள்ள குப்புசாமி பின்னால வர்றான் பெரியவரே, சவுக்குக் கட்ட ஏத்தியிருக்கான்" என்று அவன் மரியாதையாகச் சொன்னான். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நாலாம் நாள் கஸ்தூரி ஒரு குடம் முக்கித் தூக்கி வாயில் விட்டுப் பார்த்தாள். இளநீர் மாதிரி இருந்தது. எந்த மண்ணைத் தோண்டினாலும் உப்பு கரிக்கிற ஊர் அது, பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற லாரித் தண்ணீருக்கு மண்டை உடைகிற ஊர். அன்று சாயங்காலமே குடங்கள் வரிசை கட்டிவிட்டன. எவ்வளவு மொண்டாலும் தோணி நிற்கிற மட்டம் குறையவில்லை. இரண்டாவது வாரம் மோட்டார் வந்தது, குழாய் வந்தது, கால்வாய்த் தெருவில் வாசலுக்கு வாசல் தண்ணீர் கொட்டியது. ஊருக்கே மாப்பிள்ளை என்பதால் பெண்கள் அவனை அண்ணே என்றும் ஆண்கள் மாப்ளே என்றும் கூப்பிட்டார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும்போது கையாட்டிவிட்டுப் போயின. அதிசயம் என்பது எத்தனை நாளைக்கு? குடத்தில் இறங்கிவிட்டால் அதுவும் தண்ணீர்தான்.

பாக்கியம் உப்பளத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். விடிந்ததும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருவாள். அவன் பாக்கியம் வந்தாச்சா என்பான், இவள் சாப்பிடுகிறாள் என்பாள், அவன் சிரிப்பான். பிறகு பேசிக்கொண்டிருப்பார்கள். அவளைப் பற்றி அவளிடமே சொன்னான். அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு மட்டும் தனியாகச் சிவக்கும் என்றான். வழி விடுகிற மூன்று தட்டுக்குப் பிறகு அவனுக்கு மட்டும் மெதுவாக நாலாவது ஒன்று தட்டுவாள், அதைக் கேட்டுவிட்டால் மெட்ராஸ் வரை கை வலிக்காது என்றான். இதெல்லாம் அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லப்போனால், அவள் வாழ்க்கையில் அந்த நாலு வாரம்தான் நல்ல காலம். பதினோரு நிமிஷத்துக்கு மேல் அவனோடு பேசக் கிடைத்ததே அப்போதுதான்.

ஒரு நாள் மனசு தாங்காமல் சொல்லிவிட்டாள். "நாந்தாய்யா பாக்கியம்."

அவன் அவளை நன்றாகப் பார்த்தான். கேலி செய்யவில்லை. "மூக்கு அப்பிடியே அவ மூக்குதான் ஆயா" என்றான். "நீ அவளுக்குப் பெரிய ஆயா மொறயா? கல்யாணத்துல உன்னப் பாக்கலியே."

"ஒடம்பு சரியில்ல. வர முடியல" என்றாள் பாக்கியம்.

சாவி அவள் வீட்டிலேயே இருந்தது. அரிசிப் பானைக்கு அடியில், சாக்கில் சுற்றி. தணிகாசலத்துக்கு அது தெரியும். ஒரு நாள் காலையில் வந்து வாசலிலேயே நின்று பேசினான். "அத்தே, கதவத் தொறந்தா தோணி போயிடும், தண்ணியும் போயிடும். வடக்க கால்வா எங்க இருக்கு? ரேஷன் கடைக்குள்ளதான் நொழயணும். நீ அவரப் பாத்துக்கினே இருக்கலாம், ஊரு குடிச்சிக்கினே இருக்கும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. சாவியை இன்னொரு சாக்கிலும் சுற்றி வைத்தாள்.

ஆனால் நாலாவது வாரக் கடைசியில் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. பாக்கியம் சாப்பிடுகிறாள் என்று இவள் சொன்னதும், அவன் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். அவன் தலைமேல் வெயில் அசையவில்லை. "ஆயா, அவ வர மாட்டா போலிருக்கு" என்றான். "எம்மேலதான் தப்பு. தண்ணி ஏற்ற நேரம்தான் உனக்குன்னு சொல்லிட்டேன். அப்பிடிச் சொல்லலாமா? லோடு போனா போவுது, ஆடி போனா போவுது, அவ கூப்ட்டப்பவே கரையேறிப் போயிருக்கணும். அவகிட்ட சொல்லு ஆயா. என்ன வேணாம்னு மட்டும் சொல்லிட வேணாம்னு சொல்லு." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

பாக்கியம் முக்காலியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தாள். அவன் தேடுகிற பெண் இந்தக் கரையில் இல்லை, அந்தப் பெண்ணைத் தின்று முடித்த கிழவிதான் இருக்கிறாள் என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. இவள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவன் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு சாப்பாட்டு நேரம் நிறுத்தி வைத்தாள். இப்போது மறுபடியும் நிறுத்தி வைத்திருக்கிறாள், இந்தத் தடவை கோபம்கூட இல்லாமல்.

நேராகக் குழாயடிக்குப் போனாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "நாளைக்கி உச்சிவேளைல கதவத் தொறக்கப் போறேன்" என்றாள். எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள், புருஷன்மேல் இவ்வளவு நாளில்லாத கரிசனம் இப்போது என்ன என்றார்கள், சாவியைப் பிடுங்குங்கள் என்றார்கள். அவர்கள் கத்தி முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு, நாற்பத்தோரு வருஷம் வாயில் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அவரு ஓடிப் போவல. நான்தான் உள்ள நிறுத்தி வெச்சிட்டு, சாவிய எடுத்துக்கினு போயிட்டேன். போயி சாப்ட்டேன். ரெண்டு தடவ போட்டுக்கினு சாப்ட்டேன்."

கால்வாய் செத்தாலும் அந்த எழுதாத சட்டம் அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், தாய்ப்பாலோடு குடித்தது. கஸ்தூரிதான் முதலில் அசைந்தாள். தன் இடுப்பில் நிறைந்திருந்த குடத்தைப் பார்த்தாள். "உள்ள ஆள நிறுத்தி வெச்சிட்டு நாமளும்தான குடிச்சிக்கினு இருக்கோம்" என்றாள். குடத்தை மறுபடியும் லாக்குக்கே கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

மறுநாள் ஊர் வேலை செய்தது, தேர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் மாதிரி. கால்வாய்த் தெருவில் வண்டிகளைத் தள்ளி ஓரம் கட்டினார்கள், ஆடுகளை மாடியில் கட்டினார்கள், துணி காயப்போட்ட கயிறுகளை அவிழ்த்தார்கள். தேர் வரும்போது தூக்குவது போல, பாய்மரக் கம்பம் இடிக்காதபடி கேபிள் வயர்களையெல்லாம் மூங்கிலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தணிகாசலம் முனகிக்கொண்டேதான் நின்றான், ஆனாலும் அவன் மூங்கில்தான் எல்லாவற்றிலும் உயரம்.

உச்சி வேளையில் பாக்கியம் சாவியோடு வந்தாள். முதலில் பின்கதவைப் போய்த் தொட்டுப் பார்த்தாள், சாத்தியிருந்தது. சட்டம் சட்டம்தான். பிறகு முன்கதவின் மதகில் சாவியைப் போட்டுச் சுற்றினாள். துரு உதிர்ந்தது, தோள் இறங்கிவிடும் போல வலித்தது, கஸ்தூரி கை கொடுக்க வந்தாள், வேண்டாம் என்றாள். வடக்கே தண்ணீரே இல்லாத தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. தோணி ஏறியது. தொப்பி வந்தது, முகம் வந்தது, தோள் வந்தது. பதினோரு நிமிஷம் ஆயிற்று. அவளுக்குச் சரிசமமாக வந்து, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றான். அவள் கை நீட்டவில்லை. நீட்டினால் சாவியைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

கதவைத் தள்ளித் திறந்தாள். கட்டையில் மூன்று தட்டுத் தட்டினாள். பிறகு, மெதுவாக, நாலாவது.

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியை அந்தக் கரையில் நின்ற யாரும் மறக்கவில்லை. "தட்டினது நீதான்" என்று கத்தினான். "பாக்கியம், எங்கடி நிக்கற?" கரையில் நின்ற ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தான், கஸ்தூரியின் மருமகளிடம் ஒரு நொடி நின்று, இல்லையென்று நகர்ந்து, சாவியும் கையுமாக நின்ற கிழவியைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் தேடினான். "கோவம் போச்சா?"

"போச்சிய்யா" என்றாள் பாக்கியம்.

குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அவன் சிரித்தான். "ஆவணி பொறந்ததும் வந்துடுவேன்" என்று அந்தக் குரலுக்குச் சொன்னான். அன்று ஆவணி பதினாறு.

தோணி கால்வாய்த் தெருவில் போயிற்று. வீட்டு வாசல்களில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது, உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை. வயரைத் தூக்கிப் பிடித்தவர்கள் தலைக்கு மேல் கம்பம் கடந்தது. ரேஷன் கடையைத் தாண்டியது, பள்ளிக்கூடத்தைத் தாண்டியது, தார் ரோட்டைத் தாண்டியது, அவன் கழி ஊன்றுகிற சத்தம் சற்று நேரம் கேட்டது. பிறகு தெருவில் ஈரம் மட்டும் இருந்தது, ஆடிக்காற்று மிச்சம் வைத்திருந்த வெயிலில் அதுவும் காய்ந்தது. லாக்குக்குள் வேலிக்காத்தான் நின்றது.

பாக்கியம் வீட்டுக்குப் போனாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் காலையிலேயே ஆக்கி வைத்திருந்தாள். தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்து, பிசைந்து, ஒரு வாய் எடுத்தாள். தானே ஒத்துக்கொண்டதுதான் என்றாலும் தண்ணீர் போன ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காலிக் குடத்தோடு வந்த கஸ்தூரி, பகல் வேளையில் அவள் சாப்பிடுவதை முதல் தடவையாகப் பார்த்துவிட்டு, குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டு காலியாகும்வரை காத்திருந்தாள். பிறகு கரண்டியை எடுத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டா அக்கா?" என்றாள்.

பாக்கியம் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவ போதும்" என்றாள். அதற்கு மேல் அடக்க முடியாமல், சோற்றுக் கையோடு, தெரு முழுக்கக் கேட்க அழுதாள்.